கடலுக்குக் கொடுத்ததை மலைக்கும் கொடுங்கள்

செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளுக்கு அனுமதி தரும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். விதிகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1933-இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டம் தொடங்கி, உரிமம் இல்லாமல் இப்படி ஒரு கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு பிடி இன்னும் இறுகியதும் தெரியும், ஏன் இறுகியது என்பதும் தெரியும். அதையெல்லாம் மறுத்து எழுதவில்லை. ஒரே ஒரு கோரிக்கைதான். ஆபத்து என்றால் அழுத்துவதற்கு ஒரு பொத்தான் வேண்டும். அதை மலைக்கு எடுத்துப்போகச் சட்டப்படி ஒரு வழி வேண்டும்.

சென்ற ஆகஸ்டில் நாங்கள் ஐந்து பேர், இமாச்சலத்தில் ஸ்பிதியின் கிப்பர் கிராமத்திலிருந்து பராங் லா கணவாயைக் கடந்து லடாக்கின் சோ மோரிரி ஏரிக்கு நடந்தோம். ஒரு காலத்தில் வணிகர்கள் போய்வந்த பழைய பாதை அது. இப்போது போகிறவர்கள் குறைவு. கணவாயின் உயரம் சுமார் 5,580 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். கிப்பரைத் தாண்டியதும் கைபேசி ஊமையாகிவிடும். அப்புறம் ஏரிக்கரையில் இருக்கும் கர்சோக் ஊர் வரும்வரை அது வெறும் கேமராதான்.

கணவாயைத் தாண்டிய அன்று மாலை எங்களில் மூத்தவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், இருமத் தொடங்கினார். குளிர் இருமல் என்று நினைத்தோம். இரவு பத்து மணிக்கு அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. முதுகில் காதை வைத்துக் கேட்டால், ஹூக்கா இழுக்கிற மாதிரி உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம். விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் 58 சதவீதம் என்று காட்டியது. உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது இதுதான். கையிலிருந்த நிஃபெடிபின் மாத்திரை கொடுத்தோம். கடையில் வாங்கிய ஆக்சிஜன் டப்பாக்கள் சில நிமிடங்களில் தீர்ந்துபோயின.

இந்த நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. முடிந்தால் ஆயிரம் மீட்டர், அதுவும் உடனே. பராங் லாவின் வடபக்கத்தில் அந்த மருந்து கிடைக்காது. பாரே சூ ஆற்றின் பள்ளத்தாக்கு தாம்பாளம் போல அகன்று கிடக்கிறது. நாள் முழுக்க நடந்தாலும் இருநூறு, முந்நூறு மீட்டர் இறங்கினால் அதிகம். நடை முடிகிற ஏரியே 4,500 மீட்டருக்கு மேலேதான் இருக்கிறது. திரும்பிப் போகலாம் என்றால், எந்தக் கணவாய் அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்ததோ அதே கணவாயை மறுபடி ஏற வேண்டும். அவரால் கூடாரத்து வாசல் வரைகூட வர முடியவில்லை.

விடிவதற்கு முன்பே குதிரைக்காரர் ஒரு குதிரையோடு கர்சோக்குக்குக் கிளம்பினார். நாங்கள் அண்ணனை இன்னொரு குதிரையில் உட்காரவைத்து, இருபுறமும் பிடித்துக்கொண்டு, ஆற்றோரமாக ஊர்ந்தோம். அவர் இருமும்போதெல்லாம் குதிரை நின்றுவிடும். பிற்பகலில் பனி உருகி ஆறு பெருகினால் குறுக்கே கடக்க முடியாது, மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டும். இரண்டாம் இரவு வெளியே நின்று வானத்தைப் பார்த்தேன். நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு செயற்கைக்கோள் நிதானமாகக் கடந்து போனது. அதைப் பார்த்து வந்த ஆத்திரத்தை இந்த மடலில் எழுத எனக்கு மரியாதை இடம் தரவில்லை.

குதிரைக்காரர் கிளம்பி ஐம்பத்தைந்து மணி நேரம் கழித்துத்தான் ஜீப்பில் ஆக்சிஜன் உருளை வந்தது. அண்ணன் பிழைத்துக்கொண்டார். மாத்திரை, அவருடைய உடம்பு, குதிரைக்காரரின் கால்கள், இவை மூன்றும் காப்பாற்றின. உங்கள் விதிகளுக்கு இதில் பங்கு இல்லை.

புறப்படுவதற்கு ஐந்து மாதம் முன்பே, சட்டப்படி ஒரு கருவி எடுத்துப்போக முடியுமா என்று கேட்டு மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது: ‘உரிய அலுவலகத்தை அணுகவும்.’ நான் எழுதியதே அந்த உரிய அலுவலகத்துக்குத்தான்! சரி, போகட்டும். தெரியாமல் பையில் இப்படி ஒரு கருவியோடு வந்த வெளிநாட்டு நடைப்பயணிகள் விமான நிலையத்திலேயே கைதான செய்திகளையும் படித்திருக்கிறோம். அதனால் திருட்டுத்தனமாக வாங்கும் யோசனையும் எங்களுக்கு வரவில்லை. சட்டத்தை மதித்தோம். அதற்கான விலையை அண்ணனின் நுரையீரல் கொடுத்தது.

எல்லைப்புறம், பாதுகாப்பு என்று நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் அந்தப் பாரே சூ ஆற்றைக் கொஞ்சம் பாருங்கள். நம் பக்கம் பிறந்து, திபெத்துக்குள் போய், மறுபடி ஸ்பிதிக்குத் திரும்புகிறது. எந்த அலுவலகத்திலும் அது மனு போட்டதில்லை. 2004-இல் திபெத்துக்குள் மலை சரிந்து அந்த ஆற்றை அடைத்து ஏரியானது. நம் செயற்கைக்கோள்கள் அந்த ஏரியை மேலிருந்து கண்காணித்தன. 2005 ஜூனில் அது உடைந்து வெள்ளம் வந்தபோது, இமாச்சலத்தின் கரையோர மக்களை முன்கூட்டியே மேட்டுக்கு அனுப்ப முடிந்தது. ஆக, அந்த ஆற்றங்கரையில் இருக்கிற உயிரை வானத்திலிருந்து காப்பாற்றலாம் என்பது உங்களுக்குப் புதிய செய்தி இல்லை.

கடலையும் பாருங்கள். ஆழ்கடலுக்குப் போகும் மீனவர்களுக்காக இஸ்ரோ ஓர் அபாய அறிவிப்புக் கருவியை உருவாக்கி, 2010 முதல் அது புழக்கத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குப் போகிறது. அதன் அடுத்த தலைமுறைக் கருவி, ‘உங்கள் செய்தி கிடைத்தது’ என்று பதிலும் அனுப்புகிறது. கடலிலும் எல்லை உண்டு. அங்கேயும் பாதுகாப்புக் கவலை உண்டு. இருந்தும் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள், அதற்கு உண்மையாகவே நன்றி.

அதே பொத்தானைத்தான் கேட்கிறேன். அதில் பேச வேண்டாம், படம் அனுப்ப வேண்டாம். கிப்பர் போன்ற கடைசி ஊரில் அடையாள அட்டையைக் காட்டி, முன்பணம் கட்டி, வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மறுமுனையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறோம். யார் எடுத்தார், எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் உங்களிடம் பதிவாகும். ஏற்கெனவே பல பகுதிகளுக்குப் பெயர், முகவரி, நாள் எல்லாம் எழுதிக் கொடுத்து அனுமதிச்சீட்டு வாங்கித்தானே போகிறோம்? அந்தத் தாளோடு ஒரு கருவியும் சேரட்டும். அதை யார் பரிசோதிப்பது, தவறாக அழுத்தினால் என்ன அபராதம் என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்யுங்கள். அபராதம் பெரிதாக இருந்தாலும் கட்டுகிறோம்.

விருப்பப்பட்டுப் போகிறவர்களுக்கு ஏன் இவ்வளவு சலுகை என்று உங்களில் ஒருவராவது நினைப்பீர்கள். சரி, எங்களை விட்டுவிடுங்கள். அந்தக் குதிரைக்காரர் விருப்பத்துக்காகப் போகவில்லை, பிழைப்புக்காகப் போகிறார். கோடைக்குக் கோடை அதே கணவாயை ஏறி இறங்குகிறார். திரும்பி வரும்போது பெரும்பாலும் தனியாக, குதிரைகளோடு மட்டும். அவருக்கு மூச்சு முட்டினால் கர்சோக்குக்கு ஓட யாரும் இல்லை.

இலையுதிர் காலத்தில் பனி விழுந்து கணவாய் மூடிவிடும். மறுபடி பாதை திறக்க அடுத்த கோடை ஆகும். நடுவில் இருக்கும் மாதங்களில் இந்தக் கோரிக்கையை ஒருமுறை எடுத்துப் பார்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதல் கருவியை அந்தக் குதிரைக்காரருக்கே கொடுங்கள்.

இப்படிக்கு,
பராங் லாவைக் கடந்த ஐவரில் ஒருவன்