தம்பிக்கு, அந்தச் சைக்கிள் மணி விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

"அக்கா, இவனுக்கு எது வாங்கிக் கொடுத்தாலும் அடுத்தவன் கையில இருக்கிறதுதான் வேணுங்கிறான், நான் எங்கே தப்புப் பண்ணினேன்?" என்று போனில் கேட்டாய். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்ததால் அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால் இங்கேயே எழுதுகிறேன், நாலு பேர் படித்தால் படிக்கட்டும், அவர்கள் வீட்டிலும் ஒரு மணி காணாமல் போயிருக்கும்.

என் சின்னவனுக்குப் பிறந்தநாளுக்கு வாங்கியது பழைய சைக்கிள். 1,400 ரூபாய், பெயிண்ட் அடித்து இரண்டு டயர் மாற்றியது. உன் மகனிடம் இருப்பதோ கியர் சைக்கிள், தானேயில் உங்கள் பில்டிங் கீழே அதை ஓட்டத் தனிப் பாதையே இருக்கிறது. ஆனாலும் அவன் தாராவிக்கு வந்து இந்தப் பழசை மூன்று சுற்றுச் சுற்றிவந்து பார்த்தான், கேக்கைத் தொடவில்லை, நீங்கள் கிளம்பிப் போன பிறகு பார்த்தால் மணியின் மேல்மூடி இல்லை. மறுநாள் உன் வீட்டு வாஷிங் மெஷினில் கடகடவென்று சத்தம்.

நீ இரண்டு அடி கொடுத்து, 'பொறாமையோ எலும்புருக்கி' என்ற பைபிள் நீதிமொழியைப் பத்துத் தடவை எழுத வைத்தாய். எட்டு வயதுப் பையனுக்கு எலும்புருக்கி என்றால் என்ன தெரியும்? நம் ஆச்சி காலத்தில் டிபியைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்பது உனக்கே தெரியுமோ என்னவோ. பைபிளில் காயீன் பொறாமையில் தன் தம்பி ஆபேலைக் கொல்வதற்கு முன்னாலேயே கர்த்தர் அவனிடம் பேசுகிறாரே, கவனித்திருக்கிறாயா? "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று? உன் முகநாடி ஏன் வேறுபட்டது?" என்று கேட்கிறார். முதலில் முகத்தைப் பார்க்கிறார், கேள்வி கேட்கிறார், அப்புறம்தான் எச்சரிக்கிறார். நீ உன் மகனைக் கேட்டாயா? நான் கேட்டேன், செவ்வாய்க்கிழமை, போனில். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அத்தை, எல்லாரும் அவனைச் சுத்தியே நின்னாங்க, நான் கீழே தனியாதான் ஓட்டுவேன்" என்றான். அவனுக்கு வேண்டியிருந்தது சைக்கிளே இல்லை தம்பி.

அப்புறம், இதை எங்கே கற்றுக்கொண்டார்கள் என்ற கேள்வி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உன் புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு வந்தேன் அல்லவா, நம் சபைப் போதகர் ஐயர் ஜெபம் பண்ணும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை ஜன்னல் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது ஸ்லோ ட்ரெயினில், சயான் வந்து சேருகிற வரைக்கும், உன் அத்தானிடம் அதே பேச்சுதான்: ரெண்டு பாத்ரூம், மாடுலர் கிச்சன், நமக்கு எப்போ. சின்னவன் ஜன்னலோரம் தூங்குகிறான் என்று நினைத்தேன். மறுநாள் ராத்திரி ஜெபத்தில், "ஏசப்பா, எங்களுக்கும் லிப்ட் வச்ச வீடு தாரும், மாமா வீட்டை விடப் பெருசா" என்றான். அந்த 'விட' என்னுடையது, அவனுடையது இல்லை.

உன் பங்கும் கொஞ்சம் இருக்கிறது, கோபப்படாதே. அந்த வீட்டுக்காகச் சபையில் நீ சாட்சி சொன்னபோது, ஜெபம் பண்ணினோம், கர்த்தர் கொடுத்தார், அவ்வளவுதான் என்று முடித்துவிட்டாய். முன்வரிசையில் உட்கார்ந்து உன் மகனும் கேட்டான். இப்போது அவன் "நான் ஜெபம் பண்ணி ஒரு வாரம் ஆச்சு, இன்னும் வரல" என்கிறான், ஏதோ டெலிவரிப் பையன் சிக்னலில் மாட்டிக்கொண்ட மாதிரி. வாங்கின கடனையும், உன் மனைவி விற்ற வளையலையும், முன்பணத்துக்கு உன் மாமனார் ஓடினதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கர்த்தர் கொடுத்த வழியே அதுதானே. இன்னொன்று, அவனோடு, இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை மெதுவாகச் சொல்லிப் பார். ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் 'எனக்கு' என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆகாரம்கூட 'எங்களுக்கு'த்தான், அதுவும் இன்றைக்கு வேண்டியது மட்டும்.

கூலிக்கு ஆள் எடுக்கிற தெருமுனையான நாக்காவில் அப்பா பிரஷ்ஷும் டப்பாவுமாக நின்ற காலம் உனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். பைபிளில் மத்தேயு 20இல், காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிற திராட்சத்தோட்டக் கூலிக்காரர் கதை வந்தால் போதகர்கள் நேராகக் கிருபைக்குப் போய்விடுவார்கள். அப்பா அங்கே போகமாட்டார், நாக்காவிலேயே நின்றுவிடுவார். "ஏலே, காலையிலேயே வேலை கிடைச்சவனுக்கு அன்னைக்கு ராத்திரி அடுப்பு எரியும்னு காலையிலேயே தெரிஞ்சு போச்சு. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் எவனும் கூப்பிடாம நின்னவன் வயித்துல என்ன ஓடியிருக்கும்? அவனுக்கு முழுக்கூலி கொடுத்தா இவனுக்கு என்ன குறைஞ்சுது?" என்பார். 'நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா', அதாவது நான் தாராளமாகக் கொடுத்தால் நீ பொறாமைப்படலாமா, என்று எஜமான் கேட்கிற இடம் வந்ததும் நம் இரண்டு பேர் கண்ணையும் மாறி மாறிப் பார்ப்பார், யார் தட்டில் மீன் துண்டு பெரிது என்று நாம் அளந்துகொண்டிருப்போம்.

உன் மகனை ஒரு தடவை ஊர்க் கோவில் அசனத்துக்கு, அந்தப் பொதுப் பந்திக்கு, கூட்டிக்கொண்டு போயேன். ஆடு கொடுத்தவரும் ஒன்றும் கொடுக்க முடியாதவரும் ஒரே பந்தியில் தரையில் உட்கார்ந்து ஒரே சோற்றையும் ஒரே குழம்பையும் சாப்பிடுவதை அவன் பார்க்கட்டும், முடிந்தால் வாளியைத் தூக்கிப் பரிமாறட்டும். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்களே, அதற்கு மட்டும் வேண்டாம். ஒரு பூசணிக்காய்க்காக இரண்டு பெரிய மனிதர்கள் முறைத்துக்கொண்டு விலையை ஏற்றுவதைப் பார்த்தால் இருக்கிறதும் கெட்டுவிடும்.

இந்த வாரம் சின்னவனுக்கு யோனத்தான் கதை சொன்னேன். சவுல் ராஜாவின் மகன், அவருக்கு அப்புறம் அவன்தான் ராஜாவாக வேண்டியவன், ஆனால் தான் போர்த்தியிருந்த சால்வையைக் கழற்றித் தாவீதுக்குக் கொடுக்கிறான், பட்டயம், வில், கச்சை எல்லாவற்றையும் கொடுக்கிறான். சின்னவன் போர்வைக்குள்ளிருந்து, "அப்போ யோனத்தானுக்குக் குளிராதாம்மா?" என்று கேட்டான். குளிரும்தான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "மணி இல்லாமலும் ஓட்டலாம், வாயாலேயே டிரிங் டிரிங்னு சொல்லிக்கிறேன்" என்றான். மன்னித்துவிட்டானா, இல்லை மறந்துவிட்டானா என்று நான் கிண்டிக் கேட்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடுங்கள், மீன் குழம்பு வைக்கிறேன். மணிமூடியை நீ கொண்டுவராதே, அவன் பையிலேயே வரட்டும். மன்னிப்புக் கேள் என்று எல்லார் முன்னாலும் அவனைத் தள்ளிவிடாதே. அந்த மூடி சும்மா திருகினால் நிற்காது, ஒருவன் அடியில் பிடித்துக்கொள்ள இன்னொருவன் மேலே சுற்ற வேண்டும், நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து மாட்டட்டும். நாம் உள்ளே இருப்போம்.

அன்புடன்,
அக்கா