பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டுத் தரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தன்னார்வ நண்பர்களே,

வணக்கம். எங்கள் படிப்பகத்தின் மூலையில் 2 ஜிபி ரேம் உள்ள ஆறு கணினிகள் தூசி படிந்து கிடந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மதியச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டு, ஆறிலும் லினக்ஸும் எல்எக்ஸ்டிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்பும் போட்டுக் கொடுத்தீர்கள். நன்றி. குறை சொல்வதற்காக எழுதவில்லை என்று தொடங்கலாமா என யோசித்தேன். ஆனால் குறைதான் சொல்லப் போகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் முதியோர் உதவித்தொகைக்கு மனு அடிக்க வந்தார். தமிழ் வரவில்லை. ஞாயிறன்று தமிழ்99 விசைப்பலகை ஓடியதை நானே கண்ணால் பார்த்தேன். அன்று டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தில், தமிழ் தட்டச்சுக்கான ஐபஸ் நிரலைக் கையால் ஓடவிட்டிருக்கிறீர்கள். கணினியை அணைத்ததும் அதுவும் போய்விட்டது. பெரியவருக்கு மனுவைப் பேனாவால்தான் எழுதிக் கொடுத்தேன்.

க்னோம் போன்ற பெரிய டெஸ்க்டாப்பில் ஐபஸ் உள்ளேயே பிணைந்திருக்கிறது, தானாக எழுந்துகொள்ளும். எல்எக்ஸ்டிஇ போன்றவை சொல்லாத எதையும் அவ்வளவாக ஓட்டுவதில்லை. அதனால்தான் இலகுவாக இருக்கின்றன. அப்படியென்றால் எதை ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவதும் உங்கள் வேலைதானே?

சொல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. தேடிப் பார்த்தபோது, சாளரங்களைக் கையாளும் ஓப்பன்பாக்ஸ் நிரலின் கோப்புறையில், தொடக்கத்தில் ஓட வேண்டியவற்றை எழுதும் ஆட்டோஸ்டார்ட் கோப்பில் ஐபஸ்ஸுக்கான வரி இருந்தது. கடைசியில் & குறிகூடச் சரியாக இருந்தது. சிக்கல் வேறு இடத்தில். கணக்கில் நுழையும்போது ஓப்பன்பாக்ஸ் தனி அமர்வாகத் தொடங்கினால்தான் அந்தக் கோப்பு படிக்கப்படும். எல்எக்ஸ்டிஇ அமர்வில் ஓப்பன்பாக்ஸ் வெறும் சாளர மேலாளர். தொடக்க வேலை எல்எக்ஸ்டிஇயின் அமர்வு மேலாளரான எல்எக்ஸ்செஷனுடையது. அது பார்ப்பது கான்ஃபிக் கோப்புறைக்குள், எல்எக்ஸ்செஷன், அதற்குள் எல்எக்ஸ்டிஇ, அதற்குள் இருக்கும் ஆட்டோஸ்டார்ட் கோப்பை. பெயர் ஒன்று, இலக்கணம் வேறு. ஓப்பன்பாக்ஸினுடையது ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக ஓடும் கட்டளைத் தொகுப்பு; ஒரு வரியில் & விட்டுப்போனால், அந்த நிரல் முடியும்வரை அடுத்த வரி காத்துக் கிடக்கும். எல்எக்ஸ்செஷனுடையது ஷெல் அல்ல, வரிக்கு ஒரு கட்டளை, அவ்வளவுதான். அங்கே & வேண்டாம். வரியின் தொடக்கத்தில் @ போட்டால், நிரல் செயலிழந்து விழுந்தாலும் மறுபடி தொடங்கிவிடும்.

அதே காரணத்தால், சூழல் மாறிகளை அமைக்கும் எக்ஸ்போர்ட் வரிகளை அங்கே எழுதிப் பயனில்லை. தட்டச்சுக்கு ஐபஸ்ஸைப் பயன்படுத்து என்று மற்ற நிரல்களுக்குச் சொல்லும் அந்த மாறிகள் அமர்வு தொடங்கும் முன்பே வேண்டும். டெபியன் வழி வந்த லினக்ஸ்களில் இம்-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியை ஓட்டினால் அது பார்த்துக்கொள்ளும், அல்லது பயனரின் ஹோம் கோப்புறையில் எக்ஸ்செஷன்ஆர்சி கோப்பில் எழுதலாம். இதை விட்டால் ஓரத்தில் ஐகான் மட்டும் அழகாக நிற்கும், லிப்ரே ஆபிஸில் தமிழ் வராது.

வேண்டாததும் ஓடுகிறது. ப்ளூடூத்தே இல்லாத கணினியில் ப்ளூடூத் ஆப்லெட் எதற்கு? பொதுவான ஆட்டோஸ்டார்ட் கோப்புறையில் அதற்கென உள்ள .desktop கோப்பை அதே பெயரில் பயனரின் ஆட்டோஸ்டார்ட் கோப்புறையில் நகலெடுத்து, ஹிடன்=ட்ரூ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 2 ஜிபியில் ஒவ்வொன்றும் கணக்குதான்.

அப்புறம், எல்லாவற்றையும் உங்கள் நிர்வாகிக் கணக்கிலேயே அமைத்திருந்தீர்கள். பையன்களுக்காக நான் பிறகு திறந்த விருந்தினர் கணக்கில் ஒன்றுமே இல்லை. புதுக் கணக்குகளுக்கு மாதிரியாக இருக்கும் ஸ்கெல் கோப்புறையில் போட்டிருந்தால் புதுக் கணக்குக்கும் வந்திருக்கும்.

அடுத்த ஊரில் வேலை முடித்ததும் ஒருமுறை கணினியை முழுதாக அணைத்துப் போடுங்கள். சாதாரணக் கணக்கில் நுழைந்து, டெர்மினலைத் தொடாமல் ‘அம்மா’ என்று அடித்துப் பாருங்கள். எந்தக் கோப்பில் என்ன எழுதினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சிபியு மேல் ஒட்டிவிட்டுப் போங்கள்.

ஐந்து கணினிகளை நானே சரிசெய்துவிட்டேன். ஆறாவதைத் தொடவில்லை, உங்களுக்காக வைத்திருக்கிறேன். சாவி எதிர்வீட்டில் இருக்கும்.

இப்படிக்கு,
படிப்பகப் பொறுப்பாளர்