துப்பாக்கிச் சூடும் யாரும் வராத விசாரணையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேடப்பட்டு வந்த ஒருவரைக் காவல் துறையினர் சுட்டுப் பிடித்தார்கள் என்ற செய்தி வரும் நாள்களில், அரூர்க் கடைவீதியின் தேநீர்க் கடைகளில் தங்கள் நாளிதழின் அந்தப் பக்கம்தான் முதலில் கைமாறுகிறது. "காலில் எதற்குச் சுட வேண்டும், நெஞ்சிலேயே சுட்டிருக்கலாமே" என்று ஒருவர் சொல்ல, நீதிமன்றத்துக்குப் போனால் பத்து வருடம் இழுத்தடிப்பார்கள் என்று மற்றொருவர் ஆமோதிக்க, இரண்டு தேநீர் முடிவதற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. வருவாய்த் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், அந்தத் தீர்ப்பைப் பற்றியும், துப்பாக்கி வெடித்த பிறகு சட்டப்படி நடக்க வேண்டிய, ஆனால் பொதுமக்களும் பத்திரிகைகளும் எட்டிப் பார்க்காத விசாரணையைப் பற்றியும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மக்களின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மலைக்குச் சென்ற ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கூட்டுப் பாலியல் கொடுமையைக் கேட்டு தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களும் கொதித்தன. அவ்வழக்கில் தேடப்பட்டவர்களில் ஒருவர், பிடிக்கச் சென்ற காவலர்களைக் கத்தியால் தாக்கித் தப்ப முயன்றதால் காலில் சுடப்பட்டார் என்று காவல் துறை அறிவித்தபோது, அதைக் கேள்வி கேட்க இங்கு யாருக்கும் மனம் வரவில்லை. சட்டத்தின் வேகத்தை நம் மாவட்டத்தார் கண்கூடாகப் பார்த்தவர்கள். 1992 ஜூன் 20 அன்று அரூரை அடுத்த வாச்சாத்தி மலைக் கிராமத்தில், சந்தன மரத்தைத் தேடுவதாகச் சொல்லிப் புகுந்த அரசு ஊழியர்கள் பழங்குடி மக்களை அடித்தும் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தும் நடத்திய கொடுமைக்குத் தருமபுரி அமர்வு நீதிமன்றத்தின் தீர்ப்பு கிடைக்க 2011 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்ட 269 பேரும் வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறையைச் சேர்ந்த அரசு ஊழியர்கள். (என் துறையின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது.) இத்தனை தாமதத்தைப் பார்த்தவர்கள் உடனடி நீதிக்கு ஏங்குவதில் வியப்பில்லை. ஆனால் ஒரு துப்பாக்கிகூட வெடிக்காத அந்த ஊரில் சீருடை என்ன செய்தது என்பதையும் அதே வழக்குதான் நமக்குக் காட்டியது.

காவலர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2016 ஜூனில் ஓசூரில் சங்கிலிப் பறிப்புக் கும்பலைப் பிடிக்கச் சென்ற தலைமைக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். 2020 ஜனவரியில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் திருச்சியை அடுத்து ஆடு திருடர்களை விரட்டிச் சென்ற சிறப்பு உதவி ஆய்வாளர் வெட்டிக் கொல்லப்பட்டபோது, இரவு ரோந்து செல்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும், தற்காப்புக்காக அதைப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்று அன்றைய காவல் துறைத் தலைவர் சைலேந்திர பாபு அறிவுறுத்தினார். லத்தியை மட்டும் கையில் கொடுத்து நள்ளிரவில் ஒரு மனிதரை அனுப்பிவிட்டு, ஆபத்து வந்தால் அடக்கமாக நடந்துகொள் என்று உபதேசம் செய்ய எனக்கு விருப்பமில்லை.

தற்காப்பு என்றால் அது உண்மையிலேயே தற்காப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் எதிர்பார்ப்பு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தரும் தற்காப்பு உரிமை குடிமக்கள் எல்லோருக்கும் உரியது. உயிருக்கு ஆபத்து என்று சொல்லிச் சுடும் காவலரும் அதே பிரிவுகளின் கீழ்தான் நிற்கிறார். அந்த ஆபத்து இருந்ததா என்பதைச் சுட்டவரே சொல்லி முடித்துவிட முடியாது. 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்கில் வழங்கிய 16 நெறிமுறைகள் இதற்காகவே உள்ளன. முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். சுட்ட காவல் நிலையத்தைச் சேராத வேறொரு குழுவோ சிஐடியோ புலனாய்வு செய்ய வேண்டும். சுட்ட ஆயுதத்தைத் தடயவியல் ஆய்வுக்கு ஒப்படைக்க வேண்டும். மரணம் நேர்ந்தால் இரண்டு மருத்துவர்கள் உடற்கூறாய்வு செய்து அதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணை நடக்க வேண்டும். வீரதீரச் செயல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படும் வரை, சம்பவம் நடந்த சூட்டோடு பதவி உயர்வோ விருதோ தரக் கூடாது. பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. இந்த நெறிமுறைகள் கொடுங்காயம் ஏற்படும் சம்பவங்களுக்கும் இயன்ற வரை பொருந்தும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே காலில் சுட்டதுதானே, ஆள் சாகவில்லையே என்று கோப்பை மூடிவிட முடியாது.

நடுவர் விசாரணை எப்படி நடக்கிறது என்பதை நான் அலுவலக மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். "இன்ன தேதியில், இன்ன இடத்தில் நடந்த துப்பாக்கிச் சூடு குறித்து விவரம் அறிந்தவர்கள், இன்ன நாளில் அலுவலக நேரத்தில் நேரில் ஆஜராகி, எழுத்து மூலமாகவோ வாய்மொழியாகவோ வாக்குமூலம் அளிக்கலாம்" என்று ஓர் அறிவிப்பு தயாராகும். கோட்டாட்சியர் கையொப்பமிட்டு, அலுவலக முத்திரை வைத்து, வட்டாட்சியர் அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்திலும் ஊராட்சி மன்றத்திலும் ஒட்டுவார்கள். சாதிச் சான்றிதழ் முகாம் அறிவிப்புக்கும் ஏல அறிவிப்புக்கும் நடுவே அந்தத் தாள் சில வாரம் கிடந்து வெயிலில் மஞ்சளாகும். பத்திரிகைகளுக்கும் செய்திக் குறிப்பு போகும். வந்தால் உள்பக்கத்தில் நான்கு வரி வரும். குறித்த நாளில் சம்பந்தப்பட்ட காவலர்கள் வருவார்கள், மருத்துவர் வருவார், இறந்தவரின் மனைவியோ தாயோ ஒரு வழக்கறிஞரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்து, உள்ளே கூப்பிடும் வரை தாழ்வாரத்தில் காத்திருப்பார். பிறகு அறிக்கையில் ஒரு வாசகம் ஏறும்: "பொதுமக்கள் தரப்பில் எவரும் ஆஜராகவில்லை." தேநீர்க் கடையில் அத்தனை உறுதியாகப் பேசியவர்களுக்குச் சட்டம் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறது, அதில் உட்கார ஆள் இல்லை. சம்பவத்தை நேரில் பார்த்த பக்கத்துக் காட்டுக்காரர்கூட வருவதில்லை. அவர் வராததற்குப் பயம் ஒரு காரணம் என்பதை நான் அறிவேன். பயமில்லாதவர்களுக்கோ, ஆள் செத்தான், கதை முடிந்தது என்ற எண்ணம்.

அந்த எண்ணம் நம் மாவட்டத்து ஆள்கள் மேல் குண்டு பாய்ந்தபோது எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தனர். திருவண்ணாமலை மாவட்டத்து மலைக் கிராமத்தாருடன் நம் சித்தேரி மலையைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தனர். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கற்களாலும் அரிவாள்களாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்று ஆந்திரக் காவல் துறை சொன்னது. உயிர் தப்பி வந்தவர்களோ, உடன் வந்தவர்களை வழியிலேயே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். தமிழ்நாடே கொந்தளித்தது. கட்சி பேதமின்றிக் கண்டனம் எழுந்தது. அப்போது, மரம் வெட்டப் போனவன் குற்றவாளிதானே, வழக்கு எதற்கு, விசாரணை எதற்கு என்று இதே கடைவீதியில் யாரும் கேட்கவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா ஐந்து லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தர ஆணையம் பரிந்துரைத்ததை நாம் நியாயம் என்றோம். ஆந்திரக் காவல் துறை அன்று சொன்ன விளக்கத்துக்கும், இன்று நாம் கைதட்டி வரவேற்கும் செய்திகளில் வரும் விளக்கத்துக்கும் வாசகத்தில் எந்த வேறுபாடும் இல்லை: தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம். ஒன்றை நம்ப மறுத்தும் மற்றொன்றை அப்படியே நம்பியும் நாம் எடுத்த முடிவுக்கு, சுடப்பட்டவர் நம்மவரா இல்லையா என்பதைத் தவிர வேறு அடிப்படை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நம் மாவட்டத்தின் வழியே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஹைதராபாத்துக்கு முன்பாக ஷாத்நகர் வருகிறது. அதன் அருகே சட்டான்பள்ளியில், 2019 டிசம்பர் 6 அன்று விடியலில், கால்நடை மருத்துவர் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்ற வழக்கில் கைதாகியிருந்த நால்வரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றனர். பாலத்தின் மேலிருந்து மக்கள் காவலர்கள் மேல் பூத்தூவினார்கள், இனிப்பு வழங்கினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியானபோது, நால்வரும் கொல்லும் நோக்கத்துடனேயே சுடப்பட்டார்கள் என்றும், பத்துக் காவலர்கள் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும், இறந்தவர்களில் மூவர் சம்பவத்தின்போது 18 வயது நிறையாதவர்கள் என்றும் அதில் இருந்தது. பூத்தூவிய படம் பல பத்திரிகைகளில் வந்தது. ஆணையத்தின் முடிவு எத்தனை வாசகர்களின் நினைவில் இருக்கிறது?

மக்கள் கைதட்டுவது காவலர்களின் காதில் விழாமல் இருக்காது. காவலர்களின் மனநிலை குறித்து 2025இல் வெளியான ஓர் ஆய்வில், பல மாநிலங்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கருத்துக் கேட்டபோது, ஆபத்தான குற்றவாளிகளை நீதிமன்றத்தில் நிறுத்துவதைவிடக் கொன்றுவிடுவது மேல் என்று 22 விழுக்காட்டினர் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பேர் அப்படி நினைக்கவில்லை என்பது ஆறுதல். அந்த மீதிப் பேரைக் கோழைகள் போலப் பார்க்கும் சூழலை நாம் உண்டாக்கக் கூடாது.

காலில் சுடுவது பற்றியும் ஒன்று சொல்கிறேன். கைத்துப்பாக்கியால், இருட்டில், ஓடுகிற ஒருவரின் முழங்காலுக்குக் கீழே பார்த்துச் சுடுவது எளிய வேலை அன்று. தொடையில் ஓடும் பெரிய ரத்தக் குழாயில் பட்டால், மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் உயிர் போகும். 2017 டிசம்பரில் ராஜஸ்தானில் கொள்ளையர்களைப் பிடிக்கச் சென்ற நம் ஆய்வாளர் பெரியபாண்டியன் இறந்தபோது, கொள்ளையர்கள் சுட்டதாகவே முதலில் செய்தி வந்தது. உடன் சென்ற அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டு அது என்று பின்னர் ராஜஸ்தான் காவல் துறை கண்டறிந்தது. விசாரணை நடந்திராவிட்டால் அந்த உண்மை வெளியே வந்திருக்காது. நெருக்கடியில் அனுபவசாலிகளின் கையிலேயே குண்டு தடம் மாறும் என்றால், தேடப்பட்டவரெல்லாம் ஓடும்போது காலிலேயே சுடப்பட்டுப் பிடிபடுகிறார்கள் என்ற செய்தியை வாசிக்கும் பத்திரிகையாளருக்கு ஒரு சிறு ஐயமாவது எழ வேண்டாமா?

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் மிகச் சிறியது. "சுட்டுப் பிடித்தனர்" என்று தலைப்பிட்ட செய்தியை வெளியிடும்போது, "காவல் துறை கூறுகிறது" என்ற மூன்று சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவர் விசாரணைக்கு அறிவிப்பு வந்தால், நாள், இடம், யாரிடம் ஆஜராக வேண்டும் என்ற விவரங்களுடன், சம்பவத்தை வெளியிட்ட அதே பக்கத்தில் வெளியிடுங்கள். ஆறு மாதம் கழித்து அறிக்கை என்ன ஆயிற்று என்று தங்கள் மாவட்டச் செய்தியாளரை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடச் சொல்லுங்கள். அந்த மனுவை எழுதித் தர என் போன்ற ஓய்வு பெற்ற எழுத்தர்கள் அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வருவாய்த் துறை (ஓய்வு),
அரூர், தருமபுரி மாவட்டம்.