புகைக்குப் பொட்டு வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வாரமலரில் வந்த கனடாவின் ரொக்கி மலைப் பயணக் கட்டுரையை வாசித்தேன். காட்டுத்தீப் புகை படர்ந்த வானில் சூரியன் குங்குமப் பொட்டாய்த் தெரிந்ததாம். காணக் கண்கோடி வேண்டுமாம். கண் இருக்கட்டும், நெஞ்சு எத்தனை வேண்டும் என்பதையும் கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.

2023 ஓகஸ்டில் நானும் மனைவியும் மகன் குடும்பத்தோடு கல்கரியிலிருந்து வன்கூவருக்கு அதே வீதியால்தான் புறப்பட்டோம். மனைவிக்கு முட்டு (ஆஸ்துமா) வருத்தம். போகப் போக மலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நண்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டினான் மகன். வெளிக்காற்று உள்ளே வராதபடி ஏசியை மாற்றி, கண்ணாடிகளை இறுக மூடியும், எரிந்த மணம் சீற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "அப்பம்மாவின் நெஞ்சுக்குள் ஏன் விசில் அடிக்கிறது?" என்று பேரன் கேட்டான். மருமகள் மூச்சுக்கு மருந்தடிக்கும் பம்பை எடுத்துக் கொடுத்தாள். ஊரிலிருந்து கொண்டுபோன துணி முகக்கவசங்கள் இந்தப் புகைக்கு உதவாது, நுண்துகளை வடிகட்டும் என்95 கவசம்தான் வேண்டும் என்று வழியில் ஒரு மருந்துக்கடையில் சொன்னார்கள்.

சூரியன் ஏன் சிவக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. புகையின் நுண்துகள்கள் நீல ஒளியைச் சிதறடிக்க, சிவப்பு மட்டும் மிஞ்சி வருகிறது. அதே துகள்கள்தான், தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லாதவை, நுரையீரலின் அடிவரை போய்த் தங்குகின்றன. அந்தப் பொட்டு அங்கேயும் வைக்கப்படுகிறது.

கனடாவில் காற்றின் ஆபத்துக்கு 1 முதல் 10 வரை ஒரு சுட்டெண் சொல்கிறார்கள். நாங்கள் தங்கவிருந்த கம்லூப்ஸுக்கு அன்று மகனின் கைத்தொலைபேசி காட்டியது 10க்கும் மேல். சூசுவாப் ஏரிப் பக்கம் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். கெலோனாவில் தீ ஏரியைத் தாண்டி அக்கரைக்கே பாய்ந்திருந்தது. இடம்பெயர்ந்தவர்களுக்கும் தீயணைப்பாளர்களுக்கும் விடுதி அறைகளை விட்டுக்கொடுக்கும்படி, அப்பகுதிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு மாகாண அரசு உத்தரவிட்டது. ரெவல்ஸ்டோக்கில் பெற்றோல் நிலையத்தில் நின்றபோது கூரையில் மெத்தை கட்டிய கார்களைக் கண்டேன். 1995 ஒக்டோபர் முடிவில் போரால் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் வந்தவன் நான். அந்த மெத்தைகளுக்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நாங்கள் காரைத் திருப்பினோம். உங்கள் கட்டுரையாளர் அங்கே போனது எந்த வருடம் என்று தெரியவில்லை. எந்த வருடமாயினும் எரிந்த காட்டுக்கு அடியில் ஊர்கள் இருந்திருக்கும். இரண்டு பக்கக் கட்டுரையில் அந்த ஊர்ச் சனங்களுக்கு ஒரு வரி இல்லை. ஏரிக்கரையில் அவர் குடித்த கோப்பிக்கு ஒரு பந்தி இருக்கிறது.

அவரை மட்டும் நொந்து பயனில்லை. புகையில் அழகு பார்ப்பது உங்கள் பத்திரிகையின் வழக்கம். 2022 டிசெம்பரில், வங்கக்கடலில் மண்டோஸ் புயல் நின்ற நாட்களில், எல்லை கடந்து வந்த மாசுக்காற்றால் 9 ஆம் திகதி இலங்கையின் அரச பாடசாலைகளையே மூடினார்கள். அந்த வாரம் நீங்கள் முதற்பக்கத்தில் போட்ட படம் நினைவிருக்கிறதா? மங்கலாய்த் தெரிந்த நல்லூர்க் கோபுரம், கீழே "குளுகுளு யாழ்ப்பாணம்". குளுகுளுவென்று இருந்த அந்தக் காலையில் என் மனைவி கட்டிலில் குந்தியிருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊரெல்லைக் குப்பைமேடு ஒவ்வொரு கோடையும் எரிவதைப் பற்றியும் உங்களுக்கு எழுதினேன். பிளாஸ்டிக்கும் சோற்றுப் பொதி கட்டும் லஞ்ச் சீற்றும் சேர்ந்து எரியும் புகை, காட்டுப் புகையைவிட நல்லதென்று யாரும் சொல்லமாட்டார்கள். கடிதம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. குப்பை அள்ளும் தொழிலாளருக்கு நான் சொன்ன நன்றி மட்டும் அச்சாகியிருந்தது, மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில். புகையைக் காணவில்லை. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுக்குப் பின்னால் சைக்கிள் உழக்கிய தலைமுறை நாங்கள். (அப்போது கடதாசித் தட்டுப்பாடு இருந்தபடியால் அந்தப் புகைக்குப் படக்கவிதை வராமல் தப்பினோம்.) எங்களுக்குப் புகையை அழகாக்கிக் காட்ட வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் காற்றின் தரத்தை அளந்து வெளியிடுகிறது. நாளாந்தம் நீங்கள் போடும் இராகுகாலத்துக்கு அடியில் யாழ்ப்பாணத்துக்கான அந்த எண்ணையும், முட்டுக்காரரும் குழந்தைகளும் அன்று வெளியே போகலாமா கூடாதா என்பதையும் இரண்டு வரியில் போடுங்கள். இடமில்லையென்றால் என் கடிதங்களை வழக்கம்போல் பாதியாக வெட்டி, அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
உரும்பிராய்