திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தில் சிறுவர் எழுத்துப் பட்டறை: நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

பட்டறை நடக்கும் காலாண்டு விடுமுறைக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. வேன்காரருக்கும் அச்சகத்துக்கும் முன்பணம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் செப்டம்பர் 15. தேவை ₹2,52,000. கையில் இருப்பது ₹1,38,500. துண்டு விழுவது ₹1,13,500. இந்தப் பணம் சேராவிட்டால், பெயர் கொடுத்திருக்கும் அறுபது பிள்ளைகளில் பாதிப் பேரை வர வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். பள்ளியில் சொல்லிவிட்டு, வீட்டில் சொல்லிவிட்டு, நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் யார் போய் அதைச் சொல்வது என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்டோம். யாருக்கும் வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறோம். சனி முதல் புதன் வரை ஐந்து நாள். காலையில் எழுத்துப் பட்டறை, மாலை 4 மணிக்குச் சிறுவர் எழுத்தாளர் ஒருவருடன் சந்திப்பு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அறுபது பிள்ளைகள், எல்லோரும் அரசுப் பள்ளிகளில் படிப்பவர்கள். மாலைச் சந்திப்புக்கு எந்தப் பிள்ளையும் வரலாம், பெற்றோரும் வரலாம். கட்டணம் எதுவும் கிடையாது.

போன வருடம் முதல் நாள் காலை நடந்தது இது. கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அந்தக் காலத்தில் இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய மண்பானையான முதுமக்கள் தாழிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். பட்டறையில் ஒரு விதி உண்டு. ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்த பிறகு இருபது நிமிடம் எழுதக் கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும். மற்ற பிள்ளைகள் நெளிந்தார்கள், தண்ணீர் குடிக்கப் போனார்கள். இவள் மட்டும் தாழியின் வாய்விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நோட்டை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினாள். “எங்க அப்பாயி அரிசிப் பானைக்குள்ள எட்டிப் பார்க்கிற மாதிரி இதுக்குள்ளயும் யாரோ எட்டிப் பார்த்திருப்பாங்க.” பக்கத்தில் இருந்த எழுத்தாளர், “எதுக்கும்மா எட்டிப் பார்த்தாங்க?” என்று கேட்டார். “செத்தவங்களுக்குப் போதுற அளவு அரிசி வச்சிருக்கோமான்னு” என்றாள். இறந்தவரோடு தானியமும் வைத்துப் புதைக்கும் வழக்கத்தை அன்று காலைதான் கேட்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் அது ஒன்றரைப் பக்கக் கதையாகிவிட்டது. சந்திப்பில் அவள் அதைப் படித்தபோது, கடைசி வரிசையில் நின்றிருந்த அவள் அப்பா, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

இந்த ஊருக்கு எழுத்து புதிதல்ல. பெரியவர்களுக்குத் தெரிந்ததுதான், இளையவர்களுக்காக எழுதுகிறோம். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் குகையில் சமண முனிவர்களின் கல் படுக்கையில், தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழ்பிராமி எழுத்து இருக்கிறது. வெட்டிக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடம் ஆகிறது. குடுமியான்மலைப் பாறையில் ஏழு பண்களின் சுரங்களை, வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் வரிசை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதை வெட்டுவித்த மன்னர் தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. உருத்திராசாரியரின் மாணவன் என்று மட்டும் சொல்லிக்கொண்டு, மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாக முடிக்கிறார். ஒரு மலையையே பிள்ளைகளுக்குப் பாடநூலாக்கிய மண் இது.

புதுக்கோட்டை மன்னர்களின் சமஸ்தானக் காலத்தில், 1910-இல், இந்த அருங்காட்சியகம் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை எழும்பூருக்கு அடுத்த பெரிய அரசு அருங்காட்சியகம் என்று பெயர் பெற்றது நம்முடையது. 1929-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டு வாசகங்களைச் சமஸ்தானமே தொகுத்து அச்சிட்டது. 1886-இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண் பிள்ளைகள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்பை மீறிச் சேர்ந்து படித்தார். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1922-இல் பிறந்த இராயவரம் நம் மாவட்டத்து ஊர். பாலர் மலர், டமாரம், சங்கு ஆகிய சிறுவர் இதழ்களுக்குக் கௌரவ ஆசிரியராக இருந்தவர் அவர். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். ஒரு காலத்தில் புதுக்கோட்டையிலிருந்தே சிறுவர் இதழ்கள் பல அச்சாகித் தமிழ்நாடு முழுக்கப் போயின. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது நம் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுதப் படிக்கக் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். அன்று சிலேட்டைப் பிடித்த அந்த அம்மாக்களின் பேரன் பேத்திகள்தான் இன்று பட்டறைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இவர்களில் பலர், புத்தகம் எழுதிய ஒருவரை நேரில் பார்த்ததே இல்லை.

சரி, கணக்குக்கு வருகிறோம். ஒளிக்க எதுவும் இல்லை.

அறந்தாங்கி, கறம்பக்குடி வழித்தடங்களில் இரண்டு வேன், நாளுக்கு ₹4,500 வீதம் ஐந்து நாளுக்கு ₹45,000. மதியச் சாப்பாடு, சுண்டல், டீ எல்லாம் சேர்த்து ஆளுக்கு ₹120. பிள்ளைகளும் உதவியாளர்களும் 72 பேர், ஐந்து நாளுக்கு ₹43,200. ஐந்து எழுத்தாளர்களுக்குப் பயணமும் தங்குமிடமும் ₹30,000, மதிப்பூதியம் ₹25,000. நோட்டு, பேனா, எழுத்து அட்டை, பை ₹21,000. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகும் கதைப் புத்தகங்கள் ₹15,000. நாற்காலி, மைக், பந்தல் ₹18,000. பிள்ளைகளின் எழுத்தைத் தொகுத்து 1,000 பிரதி அச்சிட ₹48,000. முதலுதவியும் சில்லறைச் செலவும் ₹6,800.

தொகுப்பு நூலை நிறுத்தினால் செலவு குறையுமே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தன் பெயரை அச்சில் பார்த்த பிள்ளை அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதை நிறுத்த எங்களுக்கு மனம் இல்லை.

இவ்வளவு துண்டு விழக் காரணம் இரண்டு. போன வருடம் ₹60,000 கொடுத்த ஒரு நிறுவனத்துக்கு இந்த முறை இயலவில்லை. இத்தனை நாள் உதவியதற்கு அவர்களுக்கு எங்கள் நன்றி என்றும் உண்டு. அடுத்தது வேன் வாடகை. போன வருடம் நாளுக்கு ₹3,600 இருந்தது.

கொடுத்தவர்களை நினைக்காமல் கேட்பது முறையாகாது. கீரமங்கலம் பூக்கடைக்காரர், முகூர்த்த நாள் வியாபாரத்தில் ஒரு நாள் லாபத்தை அப்படியே கவரில் போட்டுக் கொடுத்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா ஒருவர் ஓய்வூதியத்திலிருந்து மாதம் ₹500 தவறாமல் அனுப்புகிறார், மருத்துவமனையில் இருந்த மாதம்கூட. சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கும் அறந்தாங்கித் தம்பிகள் ஏழு பேர் சேர்ந்து ₹35,000 அனுப்பினார்கள். “எங்களுக்கு இப்படி ஒண்ணு கிடைக்கல, அவங்களுக்காவது கிடைக்கட்டும்” என்ற அவர்கள் குரல்பதிவைக் கூட்டத்தில் போட்டுக் கேட்டோம். கீழராஜ வீதிப் பாத்திரக்கடைக்காரர் ஐந்து நாளும் அண்டா, கரண்டி எல்லாம் வாடகை இல்லாமல் தந்தார். சமையல் அண்ணன் கூலியில் பாதியை வாங்க மறுத்துவிட்டார். போன வருடப் பிள்ளைகள் உண்டியல் உடைத்துக் கொண்டுவந்த ₹1,340-ஐ எண்ண முக்கால் மணி நேரம் ஆனது, அவ்வளவும் சில்லறை. நீங்கள் எல்லோரும் நல்லா இருக்க வேண்டும்.

நவராத்திரி நெருங்குகிறது. அந்த நாட்களில் சமஸ்தானம் அரிசியோடு ஓர் அம்மன் காசும் கொடுத்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு பக்கம் திருக்கோகர்ணம் கோயில் அம்மன் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து, அளவில் பொட்டுப் போல ஒரு செப்புக்காசு. தாயை நாம் அரைக்காசு அம்மன் என்றே கூப்பிடுகிறோம். தொலைந்ததைத் தேடித் தருபவள். நம் பிள்ளைகள் தொலைத்துக்கொண்டிருக்கும் வாசிப்பையும் அவள்தான் மீட்டுத் தர வேண்டும். அவள் சந்நிதியில் நின்று கேட்பதாக நினைத்தே இதை எழுதுகிறோம்.

ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். நாம் மொய் விருந்து ஊர்க்காரர்கள். ஆடியிலும் ஆவணியிலும் ஒரு பந்தலில் லட்சக்கணக்கில் மொய் விழுவதை எல்லோரும் பார்க்கிறோம். நோட்டில் ஏறிய மொய்யைத் திருப்பிச் செய்யாமல் இருப்பதை நாம் யாரும் கௌரவமாக நினைப்பதில்லை. நாம் படித்த பள்ளிக்கூடமும், நமக்கு ஓசியில் புத்தகம் கொடுத்த நூலகமும் நம் பெயரில் எழுதி வைத்த மொய் இருக்கத்தான் செய்கிறது. அதைத் திருப்பிச் செய்யும் இடம் இது. போன வருடம் மேடையில் தொகை சொல்லிவிட்டு இன்னும் தராதவர்கள் பதினொரு பேர், மொத்தம் ₹23,000. பெயர்களை நாங்கள் வெளியிடப் போவதில்லை. அவரவருக்குத் தெரியும். இந்த மாதத்துக்குள் கொடுத்துவிட்டால் பெரிய உதவி.

சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு கொடுத்தவர்களைப் பார்க்கிறோம். சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். கொடுத்த ஆடு பெருகிக்கொண்டே இருக்கும், விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கை. இங்கே கணக்கு அதைவிடச் சிறியது. வேன், சாப்பாடு, நோட்டு, புத்தகம் என ஒரு பிள்ளைக்கு ஐந்து நாளுக்கும் சேர்த்து ₹1,950. முழுத்தொகை முடியாதவர்கள் ஒரு பிள்ளையின் ஒரு நாள் சாப்பாட்டுக்கு ₹120 கொடுக்கலாம். பணமாக முடியாதவர்கள் ஒரு மூட்டை அரிசி கொடுக்கலாம், ஒரு நாள் பரிமாற வரலாம். வேன் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் ஓட்டித் தந்தால் ₹4,500 மிச்சம்.

வங்கிக் கணக்கு விவரமும் கியூஆர் அட்டையும் இதனுடன் இணைத்திருக்கிறோம். ரொக்கமாகக் கொடுப்பவர்கள் பொருளாளரிடம் கையெழுத்திட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள், ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தர வேண்டாம். வரவு செலவுக் கணக்கைத் தொகுப்பு நூலின் கடைசிப் பக்கத்தில் அச்சிடுவோம். ₹1,950-உம் அதற்கு மேலும் கொடுப்பவர்களுக்கு ஒரு பிள்ளை தன் கையால் எழுதிய கடிதம் தபாலில் வரும். முகவரியைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள், போன முறை நான்கு கடிதங்கள் திரும்பி வந்துவிட்டன.

அறுபது இடமும் நிரம்பிவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் இன்னும் பதினான்கு பேர் இருக்கிறார்கள். செப்டம்பர் 15-க்குள் கேட்டதைவிடக் கூடுதலாகச் சேர்ந்தால், முதல் வேலையாக அவர்களுக்குச் சொல்லி அனுப்புவோம்.

இப்படிக்கு,
பட்டறைக் குழுவினர்,
புதுக்கோட்டை