வண்டிய சும்மா நிறுத்தி வெக்காத கண்ணு

கண்ணு, வாய்ஸ் அனுப்புனா நீ கேக்கறதில்ல, அதான் டைப் பண்றேன். அம்மாவுக்கு முட்டி வலி பரவால்ல. சின்னவன் விஷயம் அப்படியேதான் இருக்கு, அத விடு.

போன வாரம் பேசறப்ப வண்டி மூணு வாரமா பார்க்கிங்லயே நிக்குதுன்னு சொன்னியே, அதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. தெனம் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போற வண்டி ஏன் நிக்குதுன்னு நான் கேக்கல. ஆனா இப்ப பங்க்ல போடறது பழைய பெட்ரோல் இல்ல, நூத்துக்கு இருபது எத்தனால், அது ஈரத்த இழுக்கும், புனேல மழை வேற. உன்னோடது 2016 மாடல், 2023 ஏப்ரலுக்கு அப்பறம் வர்ற வண்டிங்கதான் கட்டாயமா இந்த ஈ20 பெட்ரோல தாங்கற பைப்பு சீலோட வருது. மூணு வாரத்துல ஒண்ணும் ஆயிடாது, இருந்தாலும் வாரத்துக்கு ஒருக்கா எடுத்து ஓட்டு.

நேத்து ஷெட்டுக்கு ஒரு பழைய பைக் வந்துச்சு, மழையில நனைஞ்சுட்டே நின்ன வண்டி. டேங்க்ல இருந்தத பாட்டில்ல புடிச்சு வெயில்ல காட்டுனா மேல பெட்ரோல், அடியில ஒரு விரக்கடைக்கு எத்தனாலும் தண்ணியும் சேந்து தனியா நிக்குது. பைப்ப கழட்டுனா கொழகொழன்னு வெரல்ல கருப்பு ஒட்டுது. அந்தாளு மைலேஜ் வேற இல்லன்னு கத்தறாரு. எத்தனால்ல சக்தி பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மி, அப்பறம் எங்க இருந்து வரும். பிரேசில்ல 1979லயே முழு எத்தனால்ல கார் ஓட்டிட்டாங்க, ஆனா அது அதுக்குன்னே செஞ்ச இன்ஜின், நம்ம மாதிரி பழைய வண்டில ஊத்திட்டுப் பாக்கல.

டீசல் பக்கம் யாரையோ குறைக்கறாங்கன்னு பெரியப்பா பையன் சொன்னான். நான் காதுலயே போட்டுக்கல. 2020ல பிஎஸ்6ன்னு புது புகை விதி வந்தப்பவே சின்ன டீசல் இன்ஜின நெறைய பேரு நிறுத்தியாச்சே, இதென்ன புதுசா. ஹைட்ரஜன இன்ஜின்ல எரிச்சாலும் நைட்ரஜன் ஆக்சைடு வரும், அத அடக்கறதுக்கு மேப்பிங், அதான் இன்ஜின் கம்ப்யூட்டர்ல செட்டிங், பண்ண ஆளு வேணும்னு போன தீபாவளிக்கு நீதான சொன்ன? சிஎன்ஜிக்கும் வேணும், ஹைபிரிடுக்கும் வேணும். அது தெரிஞ்சவங்க வீட்ல உக்காந்திருக்க மாட்டாங்க. நான் பொதுவா சொல்றேன்.

பொட்டப்புள்ளைக்கு எதுக்கு கிரீஸ் வேலைன்னு கேட்ட பெரியப்பாவே இப்ப கார்ல சத்தம் வந்தா உன் நம்பரத்தான் கேக்கறாரு. ஊருக்கெல்லாம் இன்ஜின் பத்தி சொல்லத் தெரியுது, அப்பனுக்கு ஒரு போன் போட முடியல. அம்மா தெனம் கேக்கறா, நான் வேலை அதிகம்னு சொல்லி வெச்சிருக்கேன், நீயும் அதையே சொல்லு.

ஊருக்கு வர்றதா இருந்தா ரயில்ல வா, அவ்ளோ தூரம் தனியா ஓட்டிட்டு வராத. எத்தன நாள் வேணா இரு. ஷெட்ல வண்டி கோளாறு பாக்கற ஸ்கேனர் வாங்கிப் போட்டிருக்கேன், பசங்களுக்கு பாதி மெனு புரியல.

வண்டிய நிறுத்தியே வெக்காத. டேங்க்க ஃபுல் பண்ணி வெச்சா உள்ள காத்துக்கு எடம் கம்மி, ஈரமும் கம்மி. பெட்ரோலுக்குன்னு உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் போட்டிருக்கேன். ஒரு டேங்க்குக்கு எதுக்குப்பா இவ்ளோன்னு போன் பண்ணாத, வாடகை தேதி வருதில்ல. அம்மாகிட்ட சொல்லிக்க வேணாம்.

அப்பா