மொட்டைமாடியில் அந்த முதல் ஒரு மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருநகரங்களில் பெருகிவரும் ரூஃப்டாப் பார்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அங்கே போகிறவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்துப் போடத்தான் போகிறார்கள் என்கிற தொனி கட்டுரை முழுக்க ஓடியது. நான் வருஷத்துக்கு நாலைந்து தடவை போகிறவள். பள்ளித் தோழியும் நானும்தான் போவோம். அவள் ஒரு பீரை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டுவாள். எனக்குக் குடிக்கிற பழக்கம் இல்லை, ஐஸ் போட்ட மாக்டெயில் போதும். நாங்கள் எதற்காக அத்தனை மாடி ஏறிப் போகிறோம், அங்கே எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன தடவை நாங்கள் போனபோது பொழுது சாய இன்னும் அரை மணி இருந்தது. லிஃப்ட் கதவு திறந்ததுமே காற்று முகத்தில் அடித்தது. கீழே தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை, மேலே தோழியின் துப்பட்டா நிற்காமல் படபடத்தது. தரை ஓடுகளில் பகல் வெயிலின் சூடு மிச்சமிருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை வைத்தால் இதமாக இருந்தது. வெயிட்டர் தம்பி முதலில் பேப்பர் நாப்கினை வைத்து, அது பறப்பதற்குள் அதன்மேல் கிளாஸை வைத்தார். கிளாஸின் வெளிப்பக்கம் வேர்த்து வழிந்த தண்ணீர் அந்த நாப்கினில் வட்டமாக ஊறிக்கொண்டே போனது. அரை மணி நேரம் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேசத் தோன்றவில்லை.

எல்லாரும் மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் சொல்வது, சூரியன் மறைந்ததும் ஒரு தடவை திரும்பிக் கிழக்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் அடிவானத்தை ஒட்டிச் சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு பட்டை எழும்பும், அதற்கு மேலே இளஞ்சிவப்பாக இன்னொரு பட்டை. கீழே இருக்கிற அந்த நீலப் பட்டை மேகமோ புகையோ இல்லை, பூமியின் நிழல். நாம் நிற்கிற இந்த உருண்டை தன் நிழலைத் தன் காற்றின் மேலேயே போடுகிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, இளஞ்சிவப்பை விழுங்கி, இரவோடு கலந்துவிடும். தெருவில் நின்றால் கட்டடங்கள் மறைத்துவிடும். நாலு பக்கமும் அடிவானம் தெரிகிற இடம் நகரத்துக்குள் மொட்டைமாடியை விட்டால் வேறு ஏது?

அதற்கப்புறம் வரும் நீலத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனபின் அதன் ஒளி ஓசோன் படலத்தின் வழியாகச் சாய்வாக நெடுந்தூரம் வர வேண்டியிருக்கிறது. ஓசோன் அதிலுள்ள ஆரஞ்சு, சிவப்பு நிறங்களைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் நீலம் இன்னும் அழுத்தமாகிறது. நிலநடுக்கோட்டுப் பக்கத்து ஊர்களில் இந்த வெளிச்சம் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் அடங்கிவிடும். கோடைகாலத்து லண்டனில் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நகரத்தின் விளக்குகளும் வானமும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும். ஒவ்வொரு தெருவாக விளக்கு எரிந்துகொண்டு வரும், உயரமான கட்டடங்களின் உச்சியில் விமானங்களுக்கான சிவப்பு விளக்குகள் கண் சிமிட்டத் தொடங்கும். தோழி என் கையைப் பிடித்து, "அங்க பாரு, பாலம் எரியுது" என்றாள். நீளமான பாலம் ஒன்றில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்துகொண்டே போனதைத்தான் அப்படிச் சொன்னாள்.

உயரம் என்பது வெறும் பெருமைக்கான விஷயம் இல்லை. சிங்கப்பூரின் மரீனா பே சாண்ட்ஸ் ஹோட்டலின் கூரை தரையிலிருந்து சுமார் 200 மீட்டர். அந்த உயரத்திலிருந்து கணக்குப்படி அடிவானம் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். தெருவில் நிற்கிறவருக்கு அது ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. பாங்காக்கில் 63-ஆவது மாடியிலும், ஹாங்காங்கில் 118-ஆவது மாடியிலும் பார்கள் இருக்கின்றன. இவ்வளவு உயரத்தில் சூரியனே தாமதமாகத்தான் மறைகிறது. 2011 ரமலானின்போது துபாயில், புர்ஜ் கலீஃபாவின் 80-ஆவது மாடிக்கு மேலே இருப்பவர்கள் இரண்டு நிமிடமும், 150-க்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிடமும் தாமதித்து நோன்பு திறக்க வேண்டும் என்று மார்க்க அறிஞர்கள் சொன்னார்கள். ஒரே கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரருக்கு இருட்டிவிட்டது, மேல்வீட்டுக்காரருக்கு இன்னும் பொழுது இருக்கிறது! இதைப் படித்த நாளிலிருந்து, மேலே உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அந்த இரண்டு நிமிடம் எனக்கு நினைவுக்கு வரும்.

கூரைமேல் உட்கார்ந்து குடித்துக் களிப்பது நம் காலத்து நாகரிகம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அப்படி இல்லை. 1880-களிலேயே நியூயார்க் நாடக அரங்குகளின் கூரைகளில் தோட்டம் போட்டு, மேசை நாற்காலி போட்டு, பாட்டும் பானமும் நடந்தன. ஏர்கண்டிஷன் இல்லாத காலம் அது. கோடையில் அரங்குக்குள் உட்கார முடியாது, அதனால் ஆட்டத்தைக் கூரைக்குக் கொண்டுபோனார்கள். அதற்கும் முன்னால், லிஃப்ட் வராத காலத்தில், உச்சி மாடிதான் வாடகை குறைந்த இடம். அத்தனை படி யார் ஏறுவது? அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எலிஷா ஓடிஸ் 1854-இல் லிஃப்டின் கயிற்றை வெட்டச் சொல்லி, லிஃப்ட் கீழே விழாது என்று கூட்டத்தின் முன்னால் செய்து காட்டினார். 1857-இல் நியூயார்க் கடைக் கட்டடம் ஒன்றில் ஆட்கள் ஏறிப்போகும் லிஃப்ட் வந்தது. பிறகு லிஃப்ட் பரவப் பரவ உச்சிமாடியின் மதிப்பும் தலைகீழாக மாறியது. ஆக, காற்றுக்காகவும் காட்சிக்காகவும்தான் மனிதர்கள் மேலே ஏறினார்கள். நாங்களும் அதற்குத்தான் ஏறுகிறோம்.

இனி என் மனக்குறை. அன்று நீலம் அழுத்தமாகிக்கொண்டிருந்த நேரம் பார்த்து டீஜே மேடையில் ஸ்பீக்கர்களைத் திறந்துவிட்டார்கள். எங்கள் மேசைக்குப் பின்னால் ஒன்று இருந்தது. பேஸ் என்கிற அந்தக் கனத்த தாழ்ந்த ஒலி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் கிளாஸிலிருந்த தண்ணீர் நடுங்கியது. தோழி ஏதோ சொன்னாள், உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. கூடவே தலைக்கு மேலிருந்த விளக்குகளையும் முழு வெளிச்சத்தில் போட்டார்கள். அதோடு கண்ணாடித் தடுப்பில் ஊர் காணாமல் போய், எங்கள் மேசையும் எங்கள் முகமும்தான் தெரிந்தன. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டதற்கு வெயிட்டர் தம்பி உண்மையாகவே வருத்தப்பட்டு, "மேலே இருந்து ஆர்டர் மேடம்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் பாதிக் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டோம்.

திறந்த வெளியில் சத்தத்தைத் திருப்பி அனுப்பச் சுவரோ கூரையோ இல்லை, அது கரைந்து போய்விடுகிறது. அதனால்தான் இன்னும் கூட்டி வைக்கிறார்கள். கரைந்து போகிற சத்தம் எங்கே போகிறது என்று யாராவது யோசிக்க வேண்டாமா? காற்றில்லாத, மேகமில்லாத இரவுகளில் தரையை ஒட்டிய காற்று சீக்கிரம் குளிர்ந்து, அதற்கு மேலே சூடான அடுக்கு தங்கிவிடும். அப்போது மேலே போகிற ஒலி வளைந்து மறுபடி தரைக்கே வரும். பகலில் பக்கத்துத் தெருவுக்கே எட்டாத சத்தம் இரவில் நாலு தெரு தாண்டிக் கேட்பது இப்படித்தான். அதிலும் பேஸ் ஒலி ஜன்னலைச் சாத்தினாலும் சுவர் வழியாக வரும். அங்கே கைக்குழந்தையைத் தூங்க வைக்கப் பாடுபடுகிற தாய் இருப்பாள், விடிகாலை ஷிஃப்டுக்குப் போகிறவர் இருப்பார். எங்கள் சந்தோஷத்துக்கு அவர்கள் தூக்கத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

பாட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆட வருகிறவர்கள் ஆடட்டும், அவர்களுக்கும் அந்த இரவு உரியதுதான். நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பொழுது சாய்வதிலிருந்து ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் ஸ்பீக்கர் வேண்டாம். மேசைமேல் கிளாஸைத் தேடி எடுக்கிற அளவுக்கு, கீழ்நோக்கிய சின்ன விளக்கு போதும். படிகளிலும் வெளியேறும் வழியிலும் மட்டும் வெளிச்சம் நன்றாக இருக்கட்டும், அதில் சமரசம் கூடாது. நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும், ஒரு பளீர் விளக்கு அதைக் கலைத்துவிடும். பிறகு இசை தொடங்கும்போதும் சத்தம் குறைந்த ஒரு மூலை இருக்க வேண்டும். இது என் சொந்த ஆசை மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை நடக்கும் இடங்களுக்காக வெளியிட்ட நெறிமுறையில், காதுக்கு ஓய்வு தர அமைதியான பகுதி ஒன்று இருக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறது.

குடிக்காதவர்களுக்குக் கைப்பிடிச் சுவர் ஓரத்து மேசை தராமல் உள்பக்கம் தள்ளுகிற வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. கிளாஸில் என்ன இருக்கிறது என்பதை வைத்து வானத்தைப் பங்கு போடாதீர்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வாசகர்களில் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பதிவு செய்யும்போதே டீஜே எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள். அன்றைக்குச் சூரியன் மறைகிற நேரத்தைப் பார்த்துக்கொண்டு அதற்கு அரை மணி முன்னால் போய் உட்காருங்கள். மெல்லிய சால்வை ஒன்று கையில் இருக்கட்டும். குடிக்கிறவர்கள் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தோழி அடுத்த மாதத்துக்கு வேறோர் இடத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். அங்கே டீஜே ஒன்பது மணிக்குத்தானாம். கிழக்குப் பக்கத்து மேசையாகக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி